மூர்க்காரி ஒப்துலியா

எங்கள் ஸ்பெயின் மலையூரில் பாழடைந்த சுவரோ பாலமோ, வயசு தெரியாத எதுவும் மூர்கள், அதாவது ஒரு காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்து ஸ்பெயினை ஆண்டவர்கள், கட்டினதுதான். யோசிக்கிற வேலை மிச்சம்.

ஒப்துலியா கறுப்பு, கண்கள் மட்டும் நீலம். பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவளுக்கு 'மூர்க்காரி' என்று பேர் வைத்தோம். தலை நரைத்த பிறகும், "எந்தக் கப்பல்ல வந்தே?" என்று சீண்டுவார்கள். பால்வெள்ளையான அவள் புருஷன் அர்ஹிமிரோவும் அவளை மூர்க்காரி என்றுதான் கூப்பிடுவான். ஆனால் அவன் வாயில் அது கொஞ்சல்.

மேலே குகையில் எலும்புகள் கிடைத்தபோதும், "மூர்களோடதுதான்" என்றோம். போன ஞாயிற்றுக்கிழமை அருங்காட்சியகப் பெண் ஒருத்தி, அந்த எலும்புக்கு உரியவனின் முகத்தை வரைந்து கொண்டுவந்து மதுக்கடையில் மாட்டினாள். கறுத்த தோல், நீலக் கண்! உழவே தெரியாத காலத்தில் இங்கே வேட்டையாடித் திரிந்தவனாம். வெள்ளைத் தோல் பிற்பாடு, கிழக்கேயிருந்து விதையும் ஆடுமாக வந்தவர்களோடு பரவியதாம்.

ஒப்துலியா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஏன்யா, நீ எந்த ஆட்டு மந்தையோட வந்தே?"

அர்ஹிமிரோ தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டான். "தெரியலையே மூர்க்காரி. வந்தது வந்துட்டேன், இங்கேயே இருந்துக்கட்டுமா?"

அவள் அவன் காலைப் பார்த்தாள். வழக்கம்போல் சேறு அப்பிய மரச்செருப்போடு உள்ளே வந்திருந்தான்.

"இருந்துக்கோ. இனிமேலாவது செருப்பை வாசல்ல விட்டுட்டு வா. இது எங்க பாட்டன் வீடு."