புனிதாவின் மிஷினும் நிர்மலாதேவியின் வயிற்றெரிச்சலும்

ரெம்பியா ஊரில் காதுகுத்து, கல்யாணம், கருமாதி எதுவானாலும் நிர்மலாதேவியின் வேன் அண்டா குண்டாக்களோடு வந்து நிற்கும். கையில் சுத்தம், வாயில் கொஞ்சம் காரம், நெஞ்சில் ஒரே ஒரு எரிச்சல். அந்த எரிச்சலின் பெயர் புனிதா.

இருவரும் ஒரு காலத்தில் ஒரே பேக்டரி கேன்டீனில் வேலை செய்தவர்கள். பிறகு புனிதா பக்கத்து ஊரான சிம்பாங் அம்பாட்டில் தனியாகக் கேட்டரிங் தொடங்கினாள். தொடங்கட்டுமே, எனக்கென்ன என்றுதான் நிர்மலா ஊருக்குச் சொன்னாள். ஆனால் காலையில் பல் துலக்குவதற்கு முன்பே புனிதாவின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்த்துவிடுவாள். பார்த்தபின் காப்பி இறங்காது.

இப்போது புனிதா போனில் ஏஐ வைத்திருக்கிறாளாம். விலை கேட்டால் அதுவே பதில் எழுதுகிறதாம். நிர்மலா நம்பவில்லை. தங்கையின் போனை வாங்கி, இல்லாத பேரனை உண்டாக்கி, அவனுக்குக் காதுகுத்து என்று விலை கேட்டாள். போனைக் கீழே வைப்பதற்குள் பதில் வந்துவிட்டது. தேன் ஒழுகும் தமிழ். கேன்டீனில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசத் தெரியாதவளா இவள்! அன்றைக்கெல்லாம் வீட்டில் பாத்திரங்கள்தான் அடி வாங்கின.

மகள் ஷாமினி கோலாலம்பூரிலிருந்து லீவில் வந்தபோது அம்மாவின் போனிலும் அப்படி ஒரு மிஷினைப் போட்டுக் கொடுத்தாள். புனிதா பாயசம் இலவசம் என்கிறாள் என்பதற்காக, அடுத்த ஆர்டருக்குக் கேசரி இலவசம் என்பதையும் அதற்குச் சொல்லிவைக்கச் சொன்னாள் நிர்மலா.

"ம்மா, இதுல ரெண்டு மாதிரி இருக்கு. அது எழுதுனதை நீங்க படிச்சுட்டு அனுப்பலாம். இல்லன்னா அதுவே அனுப்பிடும். கொஞ்ச நாளைக்குப் படிச்சுட்டே அனுப்புங்க லா."

"புனிதாவோடது அதுவாத்தானே அனுப்புது?"

"அவங்க என்னா பண்றாங்கன்னு நமக்கு எப்படிம்மா தெரியும்?"

நிர்மலாவின் காதில் அது ஏறவில்லை. மகள் பஸ் ஏறியதும் எல்லாவற்றையும் மிஷினே அனுப்பட்டும் என்று மாற்றிவிட்டாள். புனிதாவைவிட ஒரு நொடி பிந்தக்கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு.

பக்கத்துத் தோட்டக் குடியிருப்பில் மருதமுத்து இறந்துபோனார். அந்த வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் நிர்மலாவின் சமையல்தான். சாவுக்குப் போய், படுத்த படுக்கையாகக் கிடந்த அவர் மனைவி பெத்தம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டும் வந்தாள். சில நாள் கழித்து அவர் மகள் தாரணி மெசேஜ் அனுப்பினாள். அப்பாவுக்குப் பதினாறாம் நாள் சாப்பாடு நீங்கள்தான் செய்ய வேண்டும், அவருக்கு உங்கள் ரசம் என்றால் உயிர் என்று நீளமாக எழுதியிருந்தாள்.

நிர்மலா அப்போது ஒரு கல்யாணத்துக்கு வடை போட்டுக்கொண்டிருந்தாள். பதில் போய்விட்டது.

'வாழ்த்துகள்! உங்கள் குடும்ப விழாவைச் சிறப்பிக்க ஆவலோடு காத்திருக்கிறோம். உங்கள் வீட்டின் அடுத்த பதினாறாம் நாளுக்கும் எங்களையே அழையுங்கள். கேசரி இலவசம்!'

சாயங்காலம்தான் அதைப் பார்த்தாள். மாவு ஒட்டிய கையோடு வேனை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினாள். தாரணி வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"அடுத்த பதினாறாம் நாளா ஆண்டி? உள்ள அம்மா படுத்திருக்காங்க. அடுத்தது யாருன்னு சொல்றீங்க?"

"ஐயோ, நான் எழுதலம்மா. ஏஐ எழுதிருச்சு."

"அப்ப நான் அப்பாவைப் பத்தி எழுதுனதை நீங்க படிக்கவே இல்லையா?"

நிர்மலா கையில் ஒட்டியிருந்த மாவைச் சேலையில் துடைத்தாள்.

"சாப்பாட்டுக்குப் புனிதாக்காகிட்ட சொல்லிட்டேன். நான் மெசேஜ் போட்டதும் அவங்களே போன் பண்ணிப் பேசுனாங்க."

எந்த வீடு போனாலும் போகட்டும், இந்த வீடு புனிதாவுக்குப் போனதைத்தான் நிர்மலாவால் தாங்க முடியவில்லை. சண்டை போடத்தான் அவளுக்கு போன் அடித்தாள். வாயில் வந்தது வேறு.

"ஒன் மிஷின் மட்டும் எப்படிடி ஒழுங்கா இருக்கு?"

"வெலை, மெனு கேட்டா மட்டுந்தான்க்கா அது பேசும். சாவு, நோவு, சண்டைன்னு வந்தா பதில் போடாம எனக்குக் காட்டும். நான்தான் கூப்பிட்டுப் பேசுவேன். அது அனுப்புனதையும் தெனம் ஒக்காந்து படிச்சிருவேன். மிஷின்தானே, நம்ம வழக்கம் அதுக்கு எங்க தெரியும்?"

நிர்மலா விலை கேட்ட அன்று பார்த்தது அந்த வேகத்தை மட்டும்தான். அதற்குப் பின்னால் புனிதா உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாள் என்று தோன்றவே இல்லை. இனி தன் கண்ணில் படாமல் ஒரு எழுத்தும் வெளியே போகாதபடி அன்றைக்கே மாற்றிவைத்தாள். புத்தி வந்தது. பொறாமை போகவில்லை. இவ்வளவு நிதானம் புனிதாவுக்கு எங்கிருந்து வந்தது என்று புதிதாக ஓர் எரிச்சலும் சேர்ந்துகொண்டது.

பதினாறாம் நாள் போகாமல் இருக்க முடியாது. போனாள். தாரணி வாங்க என்றாள், அதற்கு மேல் பேசவில்லை. நிர்மலா பந்தியில் உட்கார்ந்து குழம்பைத் தொட்டுப் பார்த்தாள், கூட்டைக் கிளறிப் பார்த்தாள். ஒரு குறை, ஒரே ஒரு குறை கிடைக்காதா என்று நாக்கு தவித்தது. பருப்பு பதமாகக் குழைந்திருந்தது, வடை மொறுமொறுத்தது. ரசத்தில்கூடக் குற்றமில்லை.

புனிதா கரண்டியோடு பந்தியில் வந்தாள். இவளைப் பார்த்ததும் குனிந்தாள்.

"அக்கா, ரசம் சரியா இருக்கா?"

வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் நிர்மலாவைப் பார்த்தார்கள். தாரணியும் பார்த்தாள். இந்தப் பதிலை எழுதித் தரும்படி எந்த மிஷினிடமும் கேட்க வழியில்லை.

"நல்லா இருக்கு," என்றாள் நிர்மலாதேவி. சொந்த வாயால்.