ஒட்டாத பச்சைப் பொட்டு

கர்... கர்... டக்.

சென்ற வாரம் செங்கல்பட்டில், பத்திரம் எழுதும் கடையொன்றில், பழைய கணினி ஒன்று ஃப்ளாப்பியை விழுங்கிய சத்தம் அது. கேட்டதும் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

இனி மறைப்பதற்கில்லை. ஜெபராஜின் ஃப்ளாப்பியில் வைரஸ் இருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அதை அவன் கையில் கொடுத்தேன்!

தொண்ணூறுகளின் கடைசி. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையோரம் எங்கள் அலுவலகம். வெளியிலிருந்து வரும் எந்த ஃப்ளாப்பியும் முதலில் என் மேசைக்கு வரவேண்டும். வைரஸைப் பிடிக்கும் மென்பொருள் அங்கிருந்த கணினியில் மட்டும்தான் இருந்தது. நான் சோதித்து, சுத்தமென்றால் ஒரு பச்சைப் பொட்டு ஒட்டித் தருவேன். பொட்டில்லாததை வேறு கணினியில் போட்டால் வேலை போகும். எல்லோரும் கையெழுத்திட்டு ஏற்றுக்கொண்ட விதி.

ஆனால் பொட்டை யார் பார்த்தார்கள்? என் கையிலிருந்து வந்தால் போதும், நம்பினார்கள். ஜெபராஜும் அப்படித்தான்.

அவன் புதுப்பட்டினத்துக்காரன், மீனவர் வீட்டுப் பிள்ளை. என் வயதுதான். ஒப்பந்த ஊழியன், அந்த மாதம் நிரந்தரமாக வேண்டியவன்.

நானோ அலுவலகத்தின் கவிஞன்! யார் ஓய்வு பெற்றாலும், யார் மாற்றலாகிப் போனாலும் வாழ்த்து மடல் என்னுடையது. ‘கடமை தவறாத கதிரவனே’ என்று தொடங்கி, கண்ணாடிச் சட்டத்துக்குள் எத்தனை பேர் வீட்டுச் சுவரில் தொங்கினேன்...

எங்கள் அதிகாரிக்கு மாற்றல் வந்தபோது ஜெபராஜை எழுதச் சொன்னார்கள். உன் கதிரவன் கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டுமே என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உங்களுக்கு அப்படிச் சிரித்த அனுபவம் உண்டா? தாடை வலிக்கும்.

புதுப்பட்டினம் கடைத்தெருவில் ஒரு கணினி மையத்தில் மடலைத் தட்டச்சு செய்து கொண்டுவந்தான். ஃப்ளாப்பியை என் மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனான். சோதிப்பதற்கு முன்பே திறந்து படித்தேன்.

‘நீங்கள் போன பிறகும் உங்கள் அறையின் மின்விசிறி
கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருக்கும்.
அதுவரை கதவைச் சாத்தமாட்டோம்.’

அவ்வளவுதான். எதுகை இல்லை, மோனை இல்லை, கதிரவன் இல்லை... மறுபடி படித்தேன். இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? அந்த மின்விசிறியின் கீழ் அவனைவிட அதிக காலம் நின்றவன் நானல்லவா!

பிறகு சோதனையை ஓடவிட்டேன். திரையில் சிவப்பு எழுத்து. ஒரு விசையைத் தட்டினால் வைரஸ் நீங்கிவிடும். விரல் அதன்மேல்தான் இருந்தது...

விரலை எடுத்துவிட்டேன்.

பொட்டு ஒட்டாமலேயே நீட்டினேன். வாங்கியவன் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

என்ன நினைத்துக் கொடுத்தேன்? மடல் மட்டும் அழிந்தால் போதுமென்றா? அவனே போகட்டுமென்றா? பதில் இருக்கிறது. சொல்லத்தான் நா எழவில்லை.

மடலை அச்செடுக்க அவன் அதைப் போட்ட கணினியிலிருந்து, மதியத்துக்குள் ஒவ்வொரு கணினியாகப் பரவியது. கடிதங்களும் அறிக்கைகளும் குப்பை எழுத்துகளாகச் சிதைந்தன. அதிகாரி எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். பொட்டில்லாத ஃப்ளாப்பி அவர் மேசைமேல் கிடந்தது. இது உன்னிடம் வந்ததா என்று என்னைக் கேட்டார்.

“வரவேயில்ல சார்.”

ஜெபராஜ் என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு அதிகாரியிடம், அவசரத்தில் தானே நேராகப் போட்டுவிட்டதாகச் சொன்னான். வேலை அன்றோடு முடிந்தது.

அடுத்த வாரம் பிரிவுபசார விழாவில் என் மடலை நானே வாசித்தேன். கைதட்டினார்கள். அதிகாரி அதை நாற்காலியிலேயே மறந்துவிட்டுப் போனார்.

அவன் ஏன் பழியை ஏற்றான் என்று கேட்கிறீர்களா? வேலை போன அன்று மாலையே அதைச் சொன்னான். இருவரும் பேருந்துக்கு நின்றோம். கடற்காற்றில் அவன் சட்டை படபடத்தது. வேலை மும்முரத்தில் நான் சோதிக்க மறந்துவிட்டேன், பயத்தில் பொய் சொல்லிவிட்டேன் என்று அவனாகவே முடிவு செய்திருந்தான். மறந்துவிட்டாய்தானே என்று கேட்டான்.

தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல்தான்... ஐயோ! அதைத் திரும்பப் பெற எத்தனையோ முறை புதுப்பட்டினம் வரை போயிருக்கிறேன். அவன் தெருமுனையிலிருந்தே திரும்பியும் இருக்கிறேன். இன்று உங்களிடம் சொல்கிறேனே, உங்களிடம் சொல்வது எளிது. நீங்கள் அவன் இல்லை.

பேருந்து வந்தது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, என்னை ஆறுதல்படுத்தத் திரும்பினான்.

“வுடு மச்சான். எனக்கு அண்ணனுங்க கீறானுங்க, கடலு கீது. இந்த வேலைய வுட்டா உனக்கு இன்னா கீது?”