ஜவுளிக்கடை ஜன்னல்கள்

எண்பதுகளில் திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் வேலை பார்த்தேன். பட்டப்பகலிலும் அங்கே இருட்டு. பின்சுவர் ஜன்னல்களைப் பலகை அடித்து மூடி, அவற்றை மறைத்து அலமாரிகளை வைத்திருந்தார்கள். கடை திறந்தது முதல் குண்டு பல்புகள் எரியும். அந்தச் சூடு உச்சந்தலையில் இறங்கும். என் பக்கத்தில் நின்று சேலை விற்ற அக்காவுக்குத் தினமும் தலைவலி.

முதலாளியின் பெரிய கடை விழுப்புரத்தில் இருந்தது. ஒருநாள் கரண்டு பில்லைப் பார்த்துவிட்டு, "இன்னா பேஜாரு இது!" என்று கத்தினார். நான் தயங்கித் தயங்கி அவரிடம் போனேன்.

"ஜன்னலத் தொறந்து, செவுத்துக்கு வெள்ளை அடிச்சா பகல்ல லைட்டே வேணாங்க. சாயங்காலத்துக்கு டியூப் லைட் போதுங்க."

ஏற இறங்கப் பார்த்தார். "செஞ்சுதான் பாப்போம். கரண்டு மிச்சமானா உங்களுக்கு இன்னொரு ஃபேன் மாட்டித் தர்றேன்."

ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். விடுமுறை நாளில் இருவரும் வந்து அலமாரிகளை நகர்த்தினோம். பலகைகளைப் பெயர்த்ததும் வெளிச்சம் சேலைகள்மேல் கொட்டியது. நிறம் பார்க்கப் புடவையைத் தெருவுக்குத் தூக்கிப்போவதை வாடிக்கையாளர்கள் விட்டார்கள். பில்லும் இறங்கியது. அக்கா கடை முழுக்க என் பெருமையே பேசினாள்.

சித்திரை வெயிலில் முதலாளி ஒயர்மேனோடு வந்தார். புது ஃபேன் வருகிறதென்று அண்ணாந்து நின்றோம். ஏணியில் ஏறிய ஒயர்மேன், இருந்த ஒரே ஃபேனையும் கழற்றினார்.

"இன்னாங்க இது?" என்றாள் அக்கா.

"ஜன்னல்ல காத்து வருதே, அப்புறம் இன்னா? விழுப்புரம் கடைக்கு எடுத்துக்கினு போறேன்." என்னைக் கைகாட்டினார். "எல்லாம் இந்தப் பொண்ணு குடுத்த யோசனைதான்."

"இன்னொரு ஃபேன் தர்றேன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நானா?" என்று சிரித்தார். "கரண்ட மிச்சம் பண்ணச் சொன்னவ நீ. இப்ப ஃபேனும் கேக்கிறியா?"

அந்தச் சிரிப்பைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவர் போனதும் அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"ஃபேன் தர்றேன்னு அவரு சொன்னத நாங்க யாரும் காதால கேக்கல. நீதான் வந்து சொன்ன. அவருகிட்ட நல்ல பேரு வாங்க எங்க தலையில கை வச்சிட்டியே."

"என்னையும் சேத்துதானேக்கா ஏமாத்திட்டாரு?"

அவள் சேலைகளை மடிக்கப் போய்விட்டாள். மறுநாளிலிருந்து தனியாகச் சாப்பிட்டாள். வெயில் தணியுமுன் நான் வேலையை விட்டு, விழுப்புரத்தில் ஒரு மருந்துக்கடையில் சேர்ந்தேன்.

பிறகு ஒருமுறை அக்காவைத் திண்டிவனம் பஸ் நிலையத்தில் பார்த்தேன். கூப்பிட்டேன். என்னைக் கண்டதும் எதிரே நின்ற வானூர் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். அது அவள் ஊர்ப்பக்கமே போகாத பஸ்.