பின்சக்கரத்து பேரிங்

நாற்று விட்டிருந்த சமயத்தில் அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிள் படுத்துவிட்டது. ஊர் மெக்கானிக் பின்சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருந்த பேரிங் இரண்டையும் என் கையில் வைத்தார். துருவும் களிமண்ணும்தான் இருந்தன. குண்டுகளில் பாதியைக் காணோம். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் போதும், அப்பா தினமும் சாயங்காலம் வண்டியை இறக்கி, சக்கரம் முழுக நிறுத்தி, வைக்கோலால் தேய்த்துக் குளிப்பாட்டுவார். எங்கள் பக்கத்தில் பலரும் செய்வதுதான். மாட்டுக்குச் செய்த பழக்கம், மாடு போன பிறகு வண்டிக்கு வந்துவிட்டது.

"மாசக்கணக்கா கத்தியிருக்குமேங்க. எப்படித்தான் ஓட்டுனாரு?" என்றார் மெக்கானிக்.

"அவரு பிடிவாதம் உங்களுக்குத் தெரியாதா," என்றேன்.

சிங்கப்பூரில் இருக்கும் தம்பிக்கு இது நல்ல சாக்காகிவிட்டது. "வண்டியே போச்சுல்லக்கா, நிலத்தைக் குத்தகைக்கு விட்டுடச் சொல்லு," என்றான். இடுப்பெலும்பு முறிந்து தேறியவர் அப்பா. உயரம் குறைவான இந்த வண்டியில்தான் அவரால் காலைத் தூக்கிப் போட்டு உட்கார முடியும். வயலோ நடந்துபோகிற தூரத்தில் இல்லை. வண்டி ஓடாவிட்டால் நிலம் கைமாறிவிடும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்பா வெயில் ஏறும்வரை வாசலில் நாற்காலி போட்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தம்பி மேல் எரிச்சலாக வந்தது.

நான் தஞ்சாவூரில் குடியிருக்கிறேன், அங்கே கடைகளில் தேடி வாங்கிவருகிறேன் என்று கிளம்பினேன். பஸ் ஏறும்போது அம்மா, "எப்படியாச்சும் வாங்கிட்டு வந்துடு," என்றாள். எதையும் அப்படிக் கேட்கிறவள் இல்லை.

பழைய பேரிங்கைத் துணியில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு அலைந்தேன். பையெல்லாம் கிரீஸ். எந்தக் கடையில் நீட்டினாலும் முதல் கேள்வி, "என்ன மாடல்?" சொன்னால், "அது நின்னு எவ்வளவோ காலமாச்சு மேடம், புது வண்டி எடுத்துடலாம்ல?" புது வண்டி எடுக்க இவர்களிடம் யோசனை கேட்டேனா? ஒருவழியாக ஒரு கடையில் மாடல் பெயரை வைத்தே ஒரு ஜோடி எடுத்துக் கொடுத்தார்கள். ஜெயித்துவிட்ட மிதப்பில் ஊருக்குப் போனேன். சக்கரத்தில் வைத்ததும் பேரிங் லொடலொடவென்று ஆடியது.

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். அப்பா எட்டிப் பார்த்து, நிதானமாக, "அந்தச் சக்கரம் இந்த வண்டியோடது இல்லையே. பழசு நெளிஞ்சப்ப வேற கம்பெனி சக்கரம் போட்டது," என்றார்.

"இதை முன்னாடியே சொல்லக்கூடாதாப்பா? எத்தனை தடவை கேட்டேன்?"

"நீ எங்க கேட்ட?" என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுபடி தஞ்சாவூர். இந்தத் தடவை மாடல் பேச்சையே எடுக்கவில்லை. அளந்து கொடுங்கள் என்று போகிற கடையிலெல்லாம் சண்டை பிடித்தேன். கடைசியில் பம்ப்செட் மோட்டார் சாமான் விற்கும் கடைக்காரர், உள்வட்டம், வெளிவட்டம், தடிமன் மூன்றையும் அளந்துவிட்டு, "இது மோட்டாருக்குப் போடுற சைசுதாங்க," என்று ஒரு ஜோடியை எடுத்து வைத்தார். அங்கேயே நின்று அழுதுவிடுவேனோ என்று பயமாகிவிட்டது.

மறுநாள் மெக்கானிக் தட்டி இறக்கியதும் இரண்டும் கச்சிதமாக உட்கார்ந்தன. கையால் சுற்றிவிட்ட சக்கரம் சத்தமே இல்லாமல் சுற்றியது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். பின்னாலேயே அம்மாவும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

"முட்டிவலியோட நீ எங்கம்மா போற?"

"சும்மா, காத்தாட," என்றாள்.

நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி நடு ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. பின்னால் பஸ் வந்து ஹாரன் அடித்தது. டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மறுபடியும் அடித்தது. அப்பா அசையவில்லை. அம்மா அவருடைய இடது தோளை அழுத்தினாள். உடனே வண்டி இடப்பக்கம் ஒதுங்கியது, பஸ் கடந்து போயிற்று.

அவர்கள் திரும்பி வந்ததும் அம்மாவை அடுக்களையில் பிடித்துக்கொண்டேன். "எத்தனை நாளா இப்படி?"

"போன தாளடி அறுப்புலேருந்து," என்றாள், அரிசி களைந்தபடி. "ஆரம்பத்துல டிவிய சத்தமா வச்சாரு. அப்புறம் அதையும் விட்டுட்டாரு. தம்பிகிட்ட சொல்லிடாத. வயலுக்குப் போகலைன்னா அந்த மனுஷன் படுத்துடுவாரு."

எனக்குக் கோபம், பயம், அழுகை எல்லாம் ஒன்றாக வந்தது. ஓட்ட வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். கொல்லைக் குழாயடியில் அப்பா காலில் ஒட்டியிருந்த சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை.

சாயங்காலம் தம்பி கூப்பிட்டான். "வண்டி ரெடியாயிடுச்சாமே. அப்பா தனியாவாக்கா போறாரு?"

"இல்லடா, அம்மாவும் கூடப் போறாங்க."

"முட்டிவலியை வச்சுக்கிட்டா? எதுக்கு?"

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சும்மா, காத்தாட," என்றேன்.