உள்பக்கக் குமிழ்

நம்புங்கள் என்று யாரையும் கெஞ்சப் போவதில்லை. நான் சொல்லும் நேரங்களை மட்டும் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் என் கைக்கடிகாரத்தில் நானே பார்த்த நேரங்கள்.

பேய்க் கதை என்றால் நடுராத்திரி, நாய் ஊளை என்று எதிர்பார்ப்பீர்கள். இது பட்டப்பகலில் நடந்தது. தெருவில் வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

நான் பூட்டு ரிப்பேர் செய்கிறவன். சாவி தொலைத்தவர்கள் எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். பாதி ராத்திரியில் கூப்பிட்டாலும் முகம் சுளிக்காமல் போவேன் என்று தெருவில் எனக்கு நல்ல பெயர். என் மனைவியும் எதிர்க்கடை சலூன்காரரும் மட்டும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் இருவருக்கும் என்னை நன்றாகத் தெரியும்.

என் கடைக்கு மேலே ஒரே ஒரு வீடு. அதில் ஒரு பெரியவரும் அவர் மகனும் இருந்தார்கள். பெரியவர் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் புறப்பட்டது என்று முப்பது வருடம் எழுதிய மனிதர். வயதாகி ஞாபகம் தப்பிப் போனபோதும் அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. ஒரு நீள நோட்டு வைத்துக்கொண்டு வீட்டுக்கு யார் வந்தாலும் போனாலும் நேரம் எழுதுவார்.

ஒரு நாள் டியூட்டிக்குப் போகிறேன் என்று கிளம்பியவரை, நாலு தெரு தள்ளி லாரிகளுக்கு நடுவிலிருந்து பிடித்துக்கொண்டு வந்தார்கள். மறுநாள் மகன் என் கடைக்கு வந்து நின்றான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அண்ணே, நான் வேலைக்குப் போயிட்டா அப்பாவைப் பாத்துக்க ஆளில்ல. வெளிய போகாத மாதிரி ஏதாவது பண்ணிக் குடுங்க."

செய்து கொடுத்தேன். சாத்தினால் தானாக விழுந்துகொள்ளும் பூட்டு அது. வெளியே சாவி போட்டுத் திறக்கலாம். உள்ளே இருப்பவர் ஒரு குமிழைத் திருகித் திறக்கலாம். அந்த உள்பக்கக் குமிழைக் கழற்றிவிட்டு, துளையை ஒரு தகட்டால் மூடி நான்கு திருகாணி போட்டேன். ஒரு சாவி மகனிடம். இன்னொன்று என் கடை ஆணியில், ஆத்திர அவசரத்துக்கு.

தினமும் மதியம் ஒரு மணிக்கு மாடிக்குப் போய் ஒரு எட்டு பார்த்துவிட்டு வருவேன். சாப்பாட்டைச் சூடு பண்ணி வைப்பேன். பெரியவர் எனக்காக ஒரு டம்ளர் தண்ணீரைத் தட்டு போட்டு மூடி வைத்திருப்பார். "தண்ணி குடிங்க சாவிக்காரரே, வேர்த்திருக்கு" என்பார். நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார். தெருவில் என்னைப் பற்றி உயர்வாகப் பேசினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மதியத்தில் அவர் கதவைத் தட்டுவார். டக்… டக்… டக். டியூட்டிக்கு நேரமாச்சு, திறங்க என்பார். முதலில் ஓடிப் போய்ப் பார்த்தேன். பிறகு பழகிவிட்டது.

இரண்டு மாதம் முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் மகன் வந்து கதவைத் திறந்தபோது பெரியவர் கதவைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உயிர் இல்லை. மாரடைப்பு. ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னார்.

மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "உங்களை மாதிரி யாரு பாத்துக்கிட்டாங்க அண்ணே…"

அவனிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

மகன் வேறு வீடு பார்த்துப் போய்விட்டான். சாமான்களை எல்லாம் ஏற்றியாகிவிட்டது. குமிழைத் திரும்ப மாட்டித் தரச் சொல்லி வீட்டுக்காரர் கேட்டிருந்தார். போன வியாழக்கிழமை மதியம், கடை ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு மேலே போனேன்.

மணி 2.28.

கதவைத் திறந்து, சாவியை வெளித் துளையிலேயே விட்டேன். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வது அது. கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க என் கருவிப் பையை முட்டுக் கொடுத்தேன். உள்ளே முழுக்க இரும்பு. எட்டு கிலோ இருக்கும். போனும் அதில்தான் இருந்தது.

மின்சாரத்தைத் துண்டித்திருந்தார்கள். வெளிச்சத்துக்காக ஜன்னலைத் திறக்க உள்ளே போனேன். பத்து அடி இருக்கும்.

பின்னால்… டக்.

கதவு சாத்தியிருந்தது.

மணி 2.31.

காற்று இல்லை. பை விழுந்த சத்தம் இல்லை. இழுபட்ட சத்தமும் இல்லை. ஆனால் பை உள்ளே இல்லை.

முதலில் சிரிப்புதான் வந்தது. பூட்டுக்காரனையே பூட்டு பூட்டிவிட்டது என்று சலூன்காரர் கேள்விப்பட்டால் ஒரு வருடம் ஓட்டுவார். தகட்டைப் பார்த்தேன். நான்கு திருகாணி. நானே முறுக்கியவை. திருப்புளி பையில் இருந்தது, பை வெளியே இருந்தது. நகத்தால் முயன்றேன். நகம்தான் பெயர்ந்தது.

அப்போதுதான் கதவைச் சரியாகப் பார்த்தேன். மார்பு உயரத்தில் பெயின்ட் தேய்ந்து, மரம் வெளியே தெரிந்தது. ஒரு கை அகலத்துக்கு.

அவர் தட்டித் தட்டித் தேய்ந்த இடம்.

ஜன்னலில் கம்பி. கம்பிக்கு அந்தப் பக்கம் குடோனின் மொட்டைச் சுவர். கத்தினேன். என் குரல் அந்தச் சுவரில் மோதி எனக்கே திரும்பி வந்தது. வீட்டில் ஒரு நாற்காலியும் ஒரு சின்ன மேஜையும் மட்டும் மிச்சம். மேஜை மேல் ஒன்றும் இல்லை. குழாயைத் திருகினேன். ஒரு சொட்டு வரவில்லை.

மணி 2.36. கீழே ஒரு சத்தம்.

கிர்ர்ர்ர்ர்…

எனக்கு அந்தச் சத்தம் தெரியும். இருபது வருடமாகக் கேட்கிற சத்தம். என் சாவி அறுக்கும் மிஷின்.

கடையில் யாரும் இல்லை. ஷட்டர் சாவி என் இடுப்பில் இருந்தது.

யாராக இருந்தால் என்ன… ஆள் இருக்கிறதே! கதவைத் தட்டினேன்.

டக்… டக்… டக்.

மணி 2.40.

மிஷின் நின்றது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். கீழே யாரோ தலையைத் தூக்கிக் கேட்கிறார்கள். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. படியில் காலடி கேட்கும்… இதோ கேட்கும்…

2.43.

கிர்ர்ர்ர்ர்…

மிஷின் மறுபடி ஓடியது.

என் உடம்பு ஒரேயடியாகச் சில்லிட்டது. காரணத்தை உங்களிடம் சொல்லிவிடுகிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் மேலே அவர் தட்டினார். நான் மிஷினை நிறுத்தினேன். தலையைத் தூக்கிக் கேட்டேன். வழக்கமான தட்டல்தான் என்று நினைத்தேன். கையில் அவசர வேலை இருந்தது. மறுபடி மிஷினை ஓட்டினேன்.

3.05க்கு மறுபடி தட்டினேன். மிஷின் நிற்கவே இல்லை.

அன்றைக்கு நானும் இரண்டாவது தடவை நிறுத்தவில்லை.

வேர்த்துக் கொட்டியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எனக்குச் சர்க்கரை உண்டு. தலை சுற்ற ஆரம்பித்தது. நாற்காலியைப் பிடிக்கத் திரும்பினேன்.

நாற்காலி கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

மேஜை மேல்…

ஒரு டம்ளர். தட்டு போட்டு மூடியிருந்தது.

தொட்டேன். குளிர்ந்திருந்தது.

குடிக்கவில்லை. அரை மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டே சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது.

பிறகு… குடித்தேன்.

முழுக்கக் குடித்தேன். யாரோ பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

எழுந்து போய் அந்தத் தேய்ந்த இடத்தில் கையை வைத்தேன். அழுகை வந்துவிட்டது.

"ஐயா… அன்னிக்கு எனக்குக் கேட்டுச்சு. கேட்டுட்டுத்தான் வராம இருந்தேன். மன்னிச்சிடுங்க ஐயா…"

மிஷின் நின்றது.

ஒன்றுமே இல்லை. அமைதி.

டக்.

கதவு விரல் அகலத்துக்குத் திறந்தது.

மணி 4.10.

வெளியே சாவி துளையிலேயே இருந்தது. என் பை படிக்கட்டோரம் சுவரில் சாய்த்து, ஒழுங்காக நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. கீழே ஓடினேன். ஷட்டர் பூட்டியபடி இருந்தது. திறந்து மிஷினைத் தொட்டேன். ஸ்விட்ச் அணைந்திருந்தது. மோட்டார் சுட்டது.

இதோடு முடிந்திருந்தால் சர்க்கரை மயக்கத்தில் ஏதோ கண்டேன் என்று நானே என்னைத் தேற்றியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மகன் கடைக்கு வந்தான். கையில் பெரியவரின் நீள நோட்டு. காரியம் முடிந்த கையோடு அதைப் புது வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டியவன், அன்று காலையில்தான் மனதைத் தேற்றிக்கொண்டு திறந்திருக்கிறான். அந்தச் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தை விரித்து என் முன்னால் வைத்தான். கோணல் மாணலான கையெழுத்து.

*2.40 நெஞ்சு வலி. கதவு தட்டினேன். கீழே மிஷின் நின்றது.*

*2.43 மிஷின் ஓடுகிறது.*

*3.05 மறுபடி தட்டினேன். மிஷின் நிற்கவில்லை.*

*3.20 சாவிக்காரர் வேலையாக இருப்பார். நல்ல மனிதர்.*

"அண்ணே… அப்பா தட்டினது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு தம்பி."

திட்டுவான், அடிப்பான் என்று நினைத்தேன். ஒன்றும் செய்யவில்லை. வந்த வழியே போய்விட்டான். நோட்டை எடுத்துக்கொள்ளவில்லை.

அதை மூடப் போனபோது அடுத்த பக்கத்தில் மை தெரிந்தது. திருப்பினேன். அதே கோணல் எழுத்து. போன வியாழக்கிழமைத் தேதி.

*சாவிக்காரர். உள்ளே 2.31. வெளியே 4.10. தண்ணீர் குடித்தார்.*