மழை நாளில் கூடிய யூனிட்

காலையில் பாலை அடுப்பில் ஏற்றிவிட்டு, அது பொங்குவதற்குள் என் மனைவி வாசலுக்குப் போய் வந்துவிடுவாள். மீட்டர் பெட்டியின் கண்ணாடியை முந்தானையால் துடைத்து, எண்ணைப் படித்து, முணுமுணுத்துக்கொண்டே உள்ளே வந்து அன்றைய காலண்டர் தாளில் எழுதுவாள். மறுநாள் அந்தத் தாளைக் கிழித்தாலும் எறிய மாட்டாள். கிளிப்பில் சேர்த்து வைப்பாள். எண்ணுக்குப் பக்கத்தில் அந்த நாளின் சங்கதியும் இருக்கும்: மாவு அரைத்தது, இஸ்திரி போட்டது, மழை, துணி காயவில்லை.

உறுவையாறு என்கிற ஊரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு இது தேவையா என்று நான் கிண்டல் செய்யாத நாள் கிடையாது. "மாசா மாசம் ரீடிங் எடுக்க ஆளு வர்றாரு. உனக்கு இன்னா வேலை இதுல?" என்பேன்.

"அவரு மாசத்துக்கு ஒருக்கா வர்றாரு. வூடு தெனமும் ஓடுது" என்பாள்.

எனக்கு மூலக்குளத்தில் ஹார்டுவேர் கடை. ஒயரும் சுவிட்சும் பைப்பும் விற்கிறவன். நாலு பேருக்கு யோசனை சொல்லிச் சொல்லி, எனக்கு எல்லாம் தெரியும் என்கிற நினைப்பு நன்றாகவே ஊறிவிட்டது. அந்த நினைப்போடுதான் அந்த ஐப்பசியில் மாடி வீட்டுக்காரியின் மேல் சந்தேகப்பட்டேன்.

மாடியில் குடியிருந்தவள் துணி தைப்பவள். புருஷன் கம்பெனியில் ஷிப்டு வேலைக்குப் போகிறவன். மகள் நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது படித்தாள். அவர்களுக்குத் தனியாக சப் மீட்டர் வைத்திருந்தோம். மெயின் மீட்டரில் ஓடியதில் அதைக் கழித்தால் மிச்சம் எங்களுடையது. நாங்கள் இரண்டே பேர். ஒரு நாளைக்கு ஐந்து யூனிட்டைத் தாண்டாத வீட்டில் எட்டு, ஒன்பது என்று ஏறியது. சப் மீட்டர் மட்டும் எப்போதும் போலவே நின்றது. பின்பக்கம் துவைக்கிற கல்லுக்கு அருகில் எங்கள் லைனில் ஒரு ப்ளக் பாயிண்ட் உண்டு. அதற்கு நேர் மேலேதான் அவள் தையல் மெஷின் போட்டிருக்கும் ஜன்னல். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

"மேல இருந்து ஒயரு வுட்டு எடுக்கறாடி. வேற எப்படி ஏறும்?"

"பத்து நாள் பொறுங்க. காலையும் சாயந்தரமும் எழுதிப் பாத்துட்டு சொல்றேன். அதுவரைக்கும் வாயத் தொறக்காதீங்க."

பத்து நாள் பொறுக்கிற ஆளா நான்? ஆறாம் நாள் மாடிப்படியில் அவளைப் பார்த்ததும் வாய் திறந்துவிட்டது. "பொங்கலுக்குள்ள வேற வூடு பாத்துக்கம்மா" என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. "புள்ளைக்குப் பரீட்சை முடியற வரைக்கும் இருக்கலாமாண்ணே?" என்றாள். நான் வண்டியைக் கிளப்பினேன். குற்றம் செய்தவள் என்பதால்தான் காரணம் கேட்கவில்லை என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

விஷயம் தெரிந்த பிறகும் என் மனைவி எழுதுவதை நிறுத்தவில்லை. பத்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை மதியம், கூடத்துத் தரையில் காலண்டர் தாள்களை இரண்டு வரிசையாகப் பரப்பினாள். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது.

"இந்தப் பக்கம் மழை பெஞ்ச நாளு. இந்தப் பக்கம் காஞ்ச நாளு. கூடினதெல்லாம் எந்தப் பக்கம் கீது, பாருங்க."

பார்த்தேன். எட்டும் ஒன்பதும் மழைப் பக்கமே இருந்தன. வெயில் அடித்த நாட்களில் ஐந்து, ஐந்தரை. "மழை பெஞ்சா அவ அதிகமா தைப்பாளா? சொல்லுங்க" என்றாள். கடையில் நாள் முழுக்க ஒயரோடு குடித்தனம் நடத்துகிற எனக்கு இது தோன்றவே இல்லை. துணி காயவில்லை என்று எழுதி வைத்தவளுக்குத் தோன்றியது. அந்த நிமிஷம் அவள் மேல் எனக்கு வந்த மரியாதை இதுவரை குறையவில்லை.

அதோடு விட்டாளா? மாடியில் சொல்லி அவர்கள் மெயினை அணைக்கச் செய்தாள். கீழே பிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் நிறுத்தினாள். குடையைப் பிடித்துக்கொண்டு மீட்டருக்கு முன்னால் நின்றோம். ஒன்றும் ஓடாத வீட்டில் கரண்டு ஓடினால் மட்டும் மினுக்கும் மீட்டரின் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. என்னை உள்ளே மெயின் போர்டில் ஒவ்வொரு லைனாக அணைக்கச் சொன்னாள். துவைக்கிற கல் இருக்கும் பின்பக்கத் தோட்டத்து லைனை அணைத்ததும், "நின்னுடுச்சி!" என்று வாசலிலிருந்து கத்தினாள்.

மழை விட்டதும் ஊர் எலக்ட்ரீஷியன் வந்தார். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பல்பு மாட்டிய இரும்புக் கம்பத்தில் டெஸ்டரை வைத்தார். எரிந்தது. உள்ளே ஒயர் உராய்ந்து கம்பத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஈரம் ஏற ஏறக் கரண்டு மண்ணில் இறங்கியிருக்கிறது.

"யாரு சார் இந்த வேலைய பண்ணது? சுவிட்ச நியூட்ரல்ல போட்டு வெச்சிருக்காங்க. லைட்ட நிறுத்தினாலும் ஒயர்ல கரண்டு நிக்குது. வெறுங்காலோட யாராவது புடிச்சிருந்தா போய்ச் சேர்ந்திருப்பாங்க."

பண்ணியது நான். போன வருஷம், கூலிக்கு ஆள் எதற்கு என்று நானே ஏணி போட்டு மாட்டினேன். அந்தக் கம்பத்தில்தான் இரண்டு பெண்களும் கொடிக்கயிறு கட்டியிருந்தார்கள். அந்தக் குழந்தை அதைச் சுற்றித்தான் விளையாடும். என் மனைவி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "தெரிஞ்சவருதாங்க பண்ணாரு" என்று மட்டும் சொன்னாள்.

சாயந்தரமே அவளையும் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போனேன். தையல் மெஷினைப் போர்வையால் மூடிக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். "கரண்டு கூடுனது உங்களால இல்ல, தப்பு என்னோடதும்மா. நீங்க எங்கயும் போக வேணாம். மன்னிச்சிடு" என்றேன்.

மாடி வீட்டுக்காரி அழவில்லை. கோபப்படவும் இல்லை. போனை எடுத்து என்னிடம் நீட்டினாள். சப் மீட்டரின் படம், ஒரு நாள் விடாமல். ஒவ்வொரு படத்துக்கும் அடுத்து கீழே இருக்கும் ப்ளக் பாயிண்டின் படம். ஒயர் ஏதும் செருகாமல் காலியாக இருந்தது.

"இதுக்கு முன்ன இருந்த வூட்லயும் கரண்டு எடுத்தோம்னு சொல்லித்தாண்ணே அனுப்பிச்சாங்க. அப்ப காட்ட எங்கிட்ட ஒண்ணும் இல்ல" என்றாள்.

"அப்ப அன்னிக்கே எங்கிட்ட காட்டியிருக்கலாமேம்மா."

"நீங்க கேக்கவே இல்லியேண்ணே."

என் மனைவி கீழே உட்கார்ந்து மெஷினில் கட்டிய முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். நான் படங்களைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனேன். முதல் படம் அவர்கள் குடிவந்த அன்று எடுத்தது. அன்றுதான் சாவியை அவள் கையில் கொடுத்து, உன் சொந்த வீடு மாதிரி நினைத்துக்கொள் என்று நான் சொல்லியிருந்தேன்.