ஷிப்டுக்குப் போயிருந்த நைனா

ஜப்பானில் நான் பள்ளிக்கூடம் படித்த வருஷத்தில் எங்கள் நைனா இறந்துபோனார். ஊருக்கே தெரியும். ஜப்பானில் நான் இருந்த வீட்டுக்கும் தெரியும். எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ஜப்பான்காரர் கம்பெனியில் நைனாவுக்கு வேலை. ஊத்துக்கோட்டைப் பக்கம் எங்களுக்கிருந்த நெல் நிலத்தை அம்மாவின் அண்ணன், என் மாமா, பார்த்துக்கொண்டார். கம்பெனியில் காலையில் வரிசையாக நின்று ஜப்பான் பாஷையில் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் மெஷின் பக்கமே போக வேண்டுமாம். நைனா அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். விடிந்ததும் எருமைக்கு முன்னால் இடுப்பை வளைத்து "ஒஹாயோ" என்பார். அது திரும்பிக்கூடப் பார்க்காது. தொழிலாளர் பிள்ளைகளில் ஒருவரை ஒரு வருஷம் ஜப்பானில் படிக்க அனுப்புகிறார்கள் என்றதும், பதினாறு வயதுப் பெண்ணைத் தள்ளிவிடாத குறையாக அனுப்பிவைத்தது அவர்தான். "எனுக்கு அந்த நாலு வார்த்தைக்கு மேல வரல. நீ பேசி நான் கேக்கணும்" என்றார்.

அங்கே வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளுக்கென்று தனிச் செருப்பு மாட்டிக்கொள்ள வேண்டும். பாடம் முடிந்ததும் மாணவர்களே ஈரத்துணியால் வராந்தாவைத் துடைக்க வேண்டும். இதெல்லாம் பழகிவிட்டது. பேச ஆள் இல்லாததுதான் பழகவில்லை. வகுப்பில் யாரும் என்னைக் கெட்டதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை, நல்லதாகவும் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலுக்காக வாரம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பேன்.

முதலில் நைனாதான் போனைப் பிடுங்கிக்கொள்வார். நான் புதுசாகக் கற்றதைச் சொல்லச் சொல்லி, ஒன்றும் புரியாவிட்டாலும் பலமாகத் தலையாட்டுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை, மாரடைப்பு. இது இப்போது சொல்வது. அன்று அம்மா சொன்னது, "நைனா தூங்கினு கீறாரும்மா, நைட் ஷிப்டு." யோசித்துப் பார்த்தால் அதில் பொய் பாதிதான்.

பாதியில் வந்தால் படிப்பு கெட்டுவிடும், ஆசைப்பட்டு அனுப்பியவரே அவர்தானே, முடித்துவிட்டு வரட்டும் என்று மாமா முடிவு செய்தாராம். ஜப்பானில் நான் தங்கியிருந்த வீட்டுக்கும் பள்ளிக்கும் சொல்லி, என்னிடம் மூச்சு விட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்களாம். அந்த ஊரில் சொல்ல வேண்டாம் என்றால் சொல்ல மாட்டார்கள்.

அந்த வீட்டில் தினமும் தொட்டியில் வெந்நீர் நிரப்பி, எல்லாரும் ஒருவர் பின் ஒருவராக அதே தண்ணீரில் இறங்குவார்கள். முதல் தண்ணீர் வீட்டுக்காரருக்கு. என் முறை கடைசியில் வரும். திடீரென்று ஒரு நாளிலிருந்து முதல் தண்ணீர் எனக்கு என்றாகிவிட்டது. அந்த வீட்டு அம்மா துண்டோடு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் கூப்பிடுவார். என் பாஷை தேறிவிட்டது, அதற்கான மரியாதை என்று நான் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

நைனாவின் ஷிப்ட் மட்டும் முடியவே இல்லை. நைட், ஓவர்டைம், கூட வேலை செய்கிறவர் லீவு என்று வாரத்துக்கு ஒன்று வந்தது. அம்மாவோ வழக்கமில்லாத வழக்கமாக நல்ல புடவை கட்டிக்கொண்டு, தலை நிறைய மல்லிப்பூவோடு போனில் வந்தாள்.

"இன்னாம்மா, ஏதுனா கல்யாணத்துக்குப் போறியா?" என்று கிண்டல் செய்தேன்.

"நீ பாக்கற இல்ல, அதான்" என்றாள்.

பள்ளி விழாவில் என்னை மேடையேற்றிப் பேசச் சொன்னார்கள். எருமைக்கு வணக்கம் சொல்லும் என் நைனாவைப் பற்றி அவர்கள் பாஷையில் பேசினேன். பிள்ளைகள் முதல்முறையாக என்னால் சிரித்தார்கள். முன்வரிசையில் வகுப்பு டீச்சர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார், உச்சரிப்பில் கோட்டைவிட்டுவிட்டேனோ என்று பயமாகிவிட்டது. அதை வீடியோ எடுத்து நைனாவின் நம்பருக்கு அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. மறுநாள் காலை, தினமும் வருகிற மாதிரியே, ரோஜாப்பூ போட்ட ஒரு குட்மார்னிங் படம் வந்தது. அந்த போனிலிருந்து அதை அனுப்பிக்கொண்டிருந்தவர் மாமா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதற்காகத்தானே என்னைக் கடல் தாண்டி அனுப்பினார்? "அவருக்கு இன்னா அவ்ளோ பிகு? இனிமே நானும் அவர்கூட பேச மாட்டேன்னு சொல்லிடு" என்று அம்மாவிடம் கத்தினேன். "சொல்றேம்மா" என்றாள். அதற்கப்புறம் நான் அவரைக் கேட்கவே இல்லை. வீம்புக்கு நானும் குறைந்தவளில்லை.

வருஷம் முடிந்து மீனம்பாக்கத்தில் இறங்கியபோது அம்மாவும் மாமாவும்தான் நின்றார்கள். "நைனா?" என்றேன். "ஊட்டுக்குப் போய் பேசிக்கலாம், வா" என்றார் மாமா. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேன் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன். செங்குன்றம் தாண்டியதும், பார்த்தவுடன் ஜப்பான் பாஷையிலேயே அவரைத் திட்டித் தீர்ப்பது என்று வாக்கியங்களைக் கோத்து வைத்தேன். திட்டினாலும் அவர் தலையாட்டத்தான் போகிறார் என்று நினைத்ததும் சிரிப்பு வந்தது.

வீட்டில் நைனா இல்லை. அம்மா என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள். குழாய்ச் சத்தம் வெகுநேரம் கேட்டது. திரும்பி வந்தபோது தலையில் பூ இல்லை, முகமெல்லாம் ஈரம், நெற்றி வெறுமையாக இருந்தது. என் எதிரில் வந்து, நன்றாகப் பார்த்துக்கொள் என்பது போல நின்றாள்.

"மூஞ்சி கழுவிக்கினு பொட்டு வெச்சிக்காம வந்துட்ட பாரு" என்றேன். என் பையிலிருந்த ஸ்டிக்கர் அட்டையில் ஒன்றை உரித்து அவள் நெற்றியில் வைத்து அழுத்தினேன். அம்மா தடுக்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டாள். வாசல்படியில் மாமா துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். அத்தனை நாள் கழித்து என்னைப் பார்த்த சந்தோஷம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

"அதான் வந்துட்டேனே மாமா, இன்னாத்துக்கு அழுவுறீங்க?" என்று கேட்டேன்.